ஓடினால் பாஸ்

எனக்குக் கதை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய டீச்சரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நானும் ஏதோ புத்தகப் பித்தன் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். நான் கணக்கு வாத்தியார். நடக்காத ஒன்றை நடந்தது என்று கோர்ட்டில் சொன்னால் பொய்ச்சாட்சி என்று உள்ளே பிடித்துப் போடுகிறார்கள். அதையே புத்தகத்தில் சொன்னால் மாலை போடுகிறார்கள். இந்த நியாயம் எனக்கு அன்றைக்கும் புரிந்ததில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கரி பஸ்கள் ஒழிந்து டீசல் பஸ் ஓட ஆரம்பித்த காலம். வல்லத்திராக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ரோட்டோரமாக இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்கு வேலை. சொந்த ஊர் மணமேல்குடி, ஜாகை புதுக்கோட்டை டவுனில். காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸில் திரும்புவேன். அஞ்சு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் மறுநாள் காலையில்தான். இந்த ஒரு விவரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பெரிய டீச்சர் என்றால் ஹெட்மிஸ்ட்ரஸ். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைச் சேலை, ஆம்பிளைக் குடை, தச்சுவேலை செய்கிறவர் பென்சிலைச் செருகிக்கொள்கிற மாதிரி காதோரம் ஒரு சாக்பீஸ். கையில் எது கிடைத்தாலும் படிப்பார். படித்ததெல்லாம் அவருக்குப் பிடிக்கும். அதுதான் அவருடைய வியாதி. பல்பொடிப் பொட்டலத்தின் பின்னால் உள்ள விளக்கத்தைப் படித்துவிட்டு, "என்னமா எழுதியிருக்கான் சார்!" என்பார். பக்கோடா மடித்து வந்த காகிதத்தை எண்ணெயோடு நீவி விரித்து, கிழிந்துபோன பாதியில் என்ன இருந்திருக்கும் என்று மத்தியானம் பூராவும் பேசுவார். ஒருநாள் ரயில்வே கைடை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன டீச்சர், வீட்டுல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல சார். ஒவ்வொரு ஸ்டேஷனா நின்னு நின்னு வந்து, கடைசியில தனுஷ்கோடின்னு முடியுது பாருங்க. அதுக்கப்பறம் ஒண்ணுமே போடல. மனச என்னமோ பண்ணுது."

டைம்டேபிளுக்கு அழுத மனுஷியை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் எட்டாம் வகுப்புக்கு நாவல் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாவல். காகிதத்தில் துணைப்பாடம் என்று எழுதுவோம், வாயால் நான்டீட்டெயில் என்போம். ஜூன் மாதம் புத்தகக் கம்பெனிக்காரர்கள் ஸ்பெசிமன் காப்பி அனுப்பிவைப்பார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அதில் ஒன்றைப் பொறுக்கி, சீல் குத்திக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்த ஒன்றைத்தான் வகுப்பு வருஷம் பூராவும் படித்தாக வேண்டும். மற்றப் பள்ளிக்கூடங்களில் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் டீச்சர் அப்படிப் பார்க்கிறவரா?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஜூனில் என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க கடைசியா எப்ப கதைப் புத்தகம் படிச்சீங்க?"

"படிச்சதே இல்ல டீச்சர்."

"ஒண்ணுகூட முழுசா இல்லையா?"

"பாதிகூட இல்ல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒங்களத்தான் சார் தேடிக்கிட்டு இருந்தேன், உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். பிள்ளைகளில் ரெண்டு கட்சி உண்டு என்று விளக்கினார். ஒன்று முழுங்கி. இன்னொன்று துப்பி. முழுங்கிப் பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் அன்றைக்கே படித்து முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று நிற்கும். துப்பிகள் முதல் பக்கத்திலேயே துப்பிவிடும். டீச்சர் தன்னையும் முழுங்கிக் கட்சியில்தான் சேர்த்திருந்தார்.

"முழுங்கிக்குப் புத்தகம் பொறுக்க வேண்டியதே இல்ல சார். வேப்பம்புண்ணாக்கைக் குடுத்தாலும் முழுங்கும். அதனால என் ஓட்டு செல்லாது. துப்பி எதைத் துப்பலயோ அதுதான் பாடம்."

"அப்ப துப்பிகளையே கேட்டுற வேண்டியதுதானே?"

"கேட்டேனே. எது ஒல்லியோ அது போதும்ங்குதுக."

"கிளாஸ்ல வாசிக்கச் சொல்லிப் பாருங்க. எதுக்குக் கம்முனு இருக்காங்களோ அதை எடுத்துக்கங்க."

"கிளாஸ்ல கதவு இருக்கு, பெரம்பு இருக்கு. கம்முனு இருக்காம என்ன செய்யும்? எந்திரிச்சுப் போக முடியாத எடத்துல வாசிச்சா அது கதையா இல்லையான்னு எப்படிச் சார் தெரியும்? எந்திரிச்சுப் போயே ஆகணுங்கிற எடத்துல வச்சு வாசிக்கணும்."

சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு புளியமரம், அதுதான் பஸ் ஸ்டாப்பு. கொஞ்சம் தள்ளி டீக்கடை. அஞ்சு மணி பஸ் சீக்கிரமே வந்து டீக்கடை வாசலில் நிற்கும். உள்ளே ஒரே வேக்காடு என்பதால் கிளம்புகிற நேரம் வரைக்கும் யாரும் ஏற மாட்டார்கள். மரத்தடியில்தான் கூட்டம் இருக்கும்.

அன்று சாயங்காலமே பரீட்சை ஆரம்பமாகிவிட்டது. முழுங்கிகளில் குரல் நன்றாக உள்ள ஒருத்தியை மரத்தடியில் ஒரு ஸ்டூலில் ஏற்றி, ஸ்பெசிமன் காப்பியைக் கையில் கொடுத்து வாசிக்கவிடுவார். எந்தப் புத்தகத்தைக் கேட்டு யாராவது பஸ்ஸை விடுகிறார்களோ அந்தப் புத்தகம் பாஸ். யாரும் விடவில்லையென்றால் பெயில். கண்டக்டர் சுப்பையாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்: "நீங்க வழக்கம்போல ஒரு தடவ கூப்பிடுங்க, ஒரு தடவ ஹாரன் அடிங்க, கெளம்பிக்கிட்டே இருங்க. யாருக்காகவும் நிக்கக் கூடாது. எனக்காகவும் நிக்கக் கூடாது."

"சரிங்க டீச்சரம்மா" என்றான் அவன், என்ன ஏது என்று தெரியாமல்.

அதிலும் டீச்சருக்கு ஒரு நுணுக்கம் உண்டு. பஸ்ஸை விட்டவர்கள் எல்லாரும் கணக்கில் வர மாட்டார்கள். ஊர் உலகத்தில் வேண்டுமென்றே பஸ்ஸை விடுகிறவர்களும் இருக்கிறார்களே, மாமியார் வீட்டுக்குப் போகப் பிடிக்காதவன், கடன்காரனைப் பார்க்கப் பயந்தவன் என்று. "நெசமா பஸ்ஸை விட்டவன் ஓடுவான் சார். வேணும்னு விட்டவன் நிப்பான்" என்பார். பஸ் நகர்ந்த பிறகு யாராவது வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினால், டீச்சர் குடையைப் படாரென்று விரிப்பார். குடை விரிந்தால் பாஸ். மறுநாள் சீல் விழுந்துவிடும்.

முதல் வருஷம் ஓடியவர் ஓர் ஆட்டு வியாபாரி. ஆடுகளை எல்லாம் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, ஹாரன் அடிக்கிற வரைக்கும் என்று மரத்தடியில் உட்கார்ந்தார். கதையில் ஒரு பெண் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். குதிப்பாளா மாட்டாளா என்று இவர் வாயைப் பிளந்துகொண்டிருக்க, ஆடுகள் மட்டும் சந்தைக்குப் போய்விட்டன. அவர் கண்மாய்க்கரை வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது என்ன தெரியுமா? "அந்தப் புள்ள குதிச்சிருச்சா?" டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு வருஷம் நிச்சயதார்த்தத்துக்குப் போன கோஷ்டி. தாம்பூலத் தட்டோடு பெண்டுகள் எல்லாம் ஏறிவிட்டார்கள், மாப்பிள்ளை ஏறவில்லை. அவனும் ஓடினான் பாவம், பட்டு வேட்டி தடுக்கியது. பெண் வீட்டில் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டதற்குக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார்களாம். கல்யாணம் நடந்தது, அது வேறு விஷயம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தப் புத்தகங்களை எங்கள் துப்பிகள் படித்தார்கள். காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, பாட வேளையில் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் பின்னக் கணக்கு நடத்தும்போது கிணற்றடிப் பெண்ணைப் பற்றிக் குசுகுசுவென்று பேசி என் பிராணனை வாங்கினார்கள்.

நான் மட்டும் அசையவில்லை. தினமும் அதே மரத்தடியில்தான் நானும் நிற்பேன். என்னை வைத்துத்தான் டீச்சர் அவ்வளவு ஆசையாக ஆரம்பித்தார். ஆனால் ஒரு வருஷம்கூட நான் பஸ்ஸை விட்டதில்லை. கண்டக்டர் கூப்பிடுவதற்கு முன்பே என் கால் படியில் இருக்கும். டீச்சர் என்னைப் பார்க்கிற பார்வையில் ஓர் ஏக்கம் தெரியும்.

"என்ன கல்லு நெஞ்சு சார் ஒங்களுக்கு!"

"ஊர் போய்ச் சேரணும்ல டீச்சர்."

இப்படியே போயிருக்க வேண்டியது. இன்ஸ்பெக்டர் ஒருவர் புதிதாக வந்தார். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டர். வந்தவர் பார்வையிட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, ஒரு நாவலும் எழுதிவைத்திருந்தார். பெயர் 'நேரம் தவறாத நல்லமுத்து'. முதல் அத்தியாயம் பூராவும் நல்லமுத்து விடியற்காலையில் எழுந்திருக்கிறான். ரெண்டாம் அத்தியாயத்தில் பல் விளக்குகிறான். மூன்றாவதில் குளித்துவிட்டு, குளிர்ந்த நீரின் நன்மைகளைத் தம்பிக்கு எடுத்துச் சொல்கிறான்.

"மத்த ஸ்கூல்ல எல்லாம் எடுத்தாச்சும்மா. ஒங்க ஸ்கூல் ஒண்ணுதான் பாக்கி" என்றார் இன்ஸ்பெக்டர்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே சீல் குத்தியிருப்பார்கள். டீச்சர் புத்தகத்தை மரியாதையாக ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "பரீட்சை வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் ஐயா" என்றார்.

வைத்தார். அந்த வருஷம் வாசிக்கிற பிள்ளை மரகதம். முழுங்கியில் முதல் தரம், எழுத்து என்று எதைப் பார்த்தாலும் விடமாட்டாள். அவளே பல் விளக்குகிற அத்தியாயத்தில் கொட்டாவி விட்டாள். முழுங்கி கொட்டாவி விட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சனங்கள் ஒவ்வொருவராக எழுந்து, வேக்காட்டைப் பொருட்படுத்தாமல் போய் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார்கள். டீக்கடையில் வெற்றிலை வாங்க வந்த ஓர் ஆள், எங்கேயும் போக வேண்டியதே இல்லை, அவரும் ஏறி டிக்கெட் எடுத்துவிட்டார். கண்டக்டர் சுப்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. "டீச்சரம்மா, தெனமும் இதையே படிக்கச் சொல்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டான்.

மரத்தடியில் கடைசிவரை நின்று கேட்டது டீச்சர் மட்டும்தான். "எனக்கென்னமோ பிடிச்சிருந்துச்சு சார். அந்தப் பல் விளக்குற எடம் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா என் ஓட்டுதான் செல்லாதே" என்றார்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் மைத்துனருடைய காரில் வந்து இறங்கினார். டீச்சர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்வார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தால், மனுஷர் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார்.

"பாத்தீங்களாம்மா! என் நாவலோட கருத்தே நேரம் தவறாமைதான். கேட்டவன் ஒருத்தன் பாக்கியில்லாம நேரத்துக்கு பஸ் ஏறிட்டான். ஒரு நாவலுக்கு இதைவிட வெற்றி என்ன வேணும்?"

நான் கணக்கு வாத்தியார், எனக்கே ஒரு நிமிஷம் அது சரி என்று பட்டுவிட்டது. டீச்சர் சாக்பீஸை எடுத்துக் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"அப்படின்னா ஐயா, இது பள்ளிக்கூடத்துக்கு வேணாம். பஸ் கம்பெனிக்குத்தான் கொடுக்கணும்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே உபகாரமாகத்தான் சொன்னார். ஆனால் இன்ஸ்பெக்டருடைய முகம் செத்துவிட்டது. "என் புத்தகம் எடுக்கலைன்னா ஒங்களை மணமேல்குடிக்குத் தூக்கி அடிச்சிருவேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர் என்ன அந்தமானா, தூக்கி அடிக்க? சம்பளத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னொருக்கா வச்சுப் பாப்போம் ஐயா, நீங்களே நேர்ல இருங்க" என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலம் ரெண்டாவது தடவையாக நல்லமுத்து எழுந்தான், பல் விளக்கினான். இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் போன தடவையைவிடச் சீக்கிரமாக ஏறிவிட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கதை எதுவானாலும் ஒன்றுதான். டீச்சர் போய்விடுவாரே என்பதுதான் என் கவலை. அவர் இல்லாத ஸ்டாஃப் ரூமில் நான் யாரிடம் எரிந்து விழுவேன்? பக்கோடாக் காகிதத்தை யார் விரிப்பார்கள்? சுப்பையா கூப்பிட்டான். நான் அசையவில்லை. ஹாரன் அடித்தது. மரத்தைப் பார்த்தபடி நின்றேன். பஸ் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "ஒங்க கணக்கு சாரே பஸ்ஸை விட்டுட்டார்! இப்ப என்ன சொல்றீங்க?" போன வாரம் யாரும் விடாதது வெற்றி, இந்த வாரம் ஒருத்தன் விட்டது வெற்றி.

டீச்சர் குடையை விரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"ஓடலயே சார்?"

"கால் வலி டீச்சர்."

"ஹோல்டான்னு ஒரு சத்தம்கூடப் போடலயே?"

"தொண்டையும் வலி."

அவர் சிரித்துவிட்டார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "இது செல்லாது ஐயா. என்னைய மாத்திருவீங்களேன்னு பயந்து இவர் வேணும்னு விட்டார். மனுஷர் தங்கம். ஆனா புத்தகம் பெயில்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு பொய்யை ஒத்துக்கொண்டால் குடியா முழுகிவிடும்? இன்ஸ்பெக்டர் காரில் போய்விட்டார், எனக்கு இடம் தரவில்லை. கொசுக்கடியில் பள்ளிக்கூடப் பெஞ்சில் படுத்துக்கிடந்தேன்.

மாற்றல் உத்தரவு வந்தது. மணமேல்குடியேதான். டீச்சர் அதையும் ஆசையாகப் படித்தார். "ஒங்க ஊர்ல சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு சார்?" என்று மட்டும் கேட்டார்.

வேறு ஒரு சிக்கல்தான் அவரை அரித்தது. அந்த ஜூனில் ஒரு புத்தகமும் பாஸாகவில்லை. சனங்கள் உஷாராகிவிட்டார்கள். பஸ் முதலாளி சொன்னாரென்று சுப்பையா மரத்தடியில் ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு கொடுக்க ஆரம்பித்திருந்தான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு எந்தக் கதையை வாசித்து என்ன? டீச்சர் போனதும் பொறுப்பு ஹெட்மாஸ்டர் நான். நல்லமுத்துக்குச் சீல் குத்தி அனுப்பச் சொல்லி எனக்கு ஏற்கெனவே வாய்மொழியாக உத்தரவு வந்துவிட்டது.

"நீங்க குத்திருவீங்கள்ல சார்?" என்று கேட்டார்.

"குத்திருவேன் டீச்சர். எனக்கு எதுவானா என்ன?" உள்ளதைத்தான் சொன்னேன்.

"நீங்களே ஒண்ணுக்குக் குத்திட்டுப் போயிருங்களேன்" என்றும் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார். "யாரும் பஸ்ஸை விடாத புத்தகத்துக்கு நான் எப்படிச் சார் குத்துறது?"

கடைசி நாள் வந்தது. அஞ்சு மணி பஸ்ஸில் டவுனுக்குப் போய், அங்கே தங்கிவிட்டு மணமேல்குடிக்குப் போவதாக ஏற்பாடு. டீச்சருடைய தகரப் பெட்டியை மரத்தடிக்குத் தூக்கி வந்தேன். பெரிய பெட்டி, உள்ளே பூரா காகிதம். "பஸ் படியில நான் காலை வச்சதும் சீல் ஒங்க கையில. அதுவரைக்கும் நான்தான் ஹெட்மிஸ்ட்ரஸ். நீங்க பெட்டி மேல உக்காருங்க. ஹாரன் அடிச்சதும் மேல தூக்கிப் போட்டுட்டு நீங்களும் ஏறுங்க" என்றார். ஒரே ஒரு ஸ்பெசிமன் காப்பி மிச்சமிருந்தது. 'பாதிச் சாவி' என்று பெயர், அட்டைகூடச் சரியில்லை. அதை மரகதத்திடம் கொடுத்தார். கூட்டம் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டது. எனக்கும் சுப்பையா நீட்டினான். எனக்கு எதற்குப் பஞ்சு என்று சொல்லிவிட்டேன்.

மரகதம் வாசிக்க ஆரம்பித்தாள். அண்ணன் தம்பி ரெண்டு பேர் பாகம் பிரிக்கிறார்கள். வயல் பாதி, தோப்புப் பாதி, மாட்டில் ஆளுக்கொன்று, கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அப்பனுடைய இடுப்புக் கயிற்றில் கிடந்த ஒரு சாவி மிச்சம். வீட்டில் எந்தப் பூட்டுக்கும் அது சேரவில்லை. எனக்குத்தான் என்கிறான் அண்ணன், எனக்குத்தான் என்கிறான் தம்பி. 'வித்துக் காசைப் பிரிச்சுக்கங்களேன்டா' என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்த மடையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாவியைக் கொல்லனிடம் கொண்டுபோய்ச் சரிபாதியாக வெட்டி, ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே மாட்டுக் கொட்டகையில் தரையைக் கொத்தும்போது ஒரு பெட்டி தட்டுப்பட்டது. பெட்டியில் பூட்டு.

'பூட்டை உடைத்துத் தொலைய வேண்டியதுதானே' என்று நான் நினைக்கிறேன், அண்ணன்காரனும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். ஆத்தாக்காரி போய்ப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு பேரும் சேர்ந்து சாவியை ஒட்டிக்கொண்டு வந்தால்தான் எழுந்திருப்பேன் என்கிறாள். தம்பி தன் துண்டை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போகக் கிளம்புகிறான். மழை பிடித்துக்கொள்கிறது. கிழவி எழுந்திருக்கவில்லை. மரகதம் நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். ஒட்டிக்கொண்டிருந்தது, திரும்பவில்லை.

"அப்பறம்?" என்றேன்.

"சார்" என்றார் டீக்கடைக்காரர்.

"அட, சும்மா இருய்யா. நீ படி புள்ள, அப்பறம் என்னாச்சு?"

"சார், பஸ் போயிருச்சு சார்."

திரும்பிப் பார்த்தேன். டீக்கடை வாசலில் பஸ் இல்லை. கண்மாய்க்கரைப் பக்கம் புழுதி தெரிந்தது. நான் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். டீச்சருடைய பெட்டி! அடக் கடவுளே என்று எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பு ஒரு பக்கம் போக, "ஹோல்டான்! ஏய் சுப்பையா! ஹோல்டான்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன். எங்கே நிற்கிறான் அவன்? யாருக்காகவும் நிற்கக் கூடாது என்று டீச்சரே சொல்லிவைத்ததாயிற்றே. கண்மாய்க்கரை வரை ஓடிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன்.

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. புளியமரத்தடியில் டீச்சர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், ஒங்க பெட்டி..."

"பாஸ் சார்."

"மன்னிச்சுக்கங்க டீச்சர், ஒங்க பஸ்ஸு..."

"பாஸ்! பாஸ்!" கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. பையிலிருந்து சீலை எடுத்து, அதில் 'ஹா' என்று ஊதி, பெட்டி மேல் புத்தகத்தை வைத்து ஓங்கிக் குத்தினார். கையெழுத்தும் போட்டார். "இன்னும் படியில கால் வைக்கல. நான்தான் ஹெட்மிஸ்ட்ரஸ்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நீங்களும்தானே டீச்சர் பஸ்ஸை விட்டுட்டீங்க?"

"என் ஓட்டு செல்லாது சார்."

இன்ஸ்பெக்டர் பிறகு குதித்தார். ஆனால் சீல் விழுந்த புத்தகத்தை வருஷ நடுவில் மாற்றக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டவரே அவர்தான். நல்லமுத்துவை யாரும் மாற்றிவிடக் கூடாதே என்று முன்ஜாக்கிரதையாக விட்டிருந்தார். எட்டாம் வகுப்பு அந்த வருஷம் 'பாதிச் சாவி' படித்தது. துப்பிகள் சாவியை எப்படி ஒட்டுவது என்று என்னிடமே வந்து கேட்டார்கள்.

டீச்சர் மறுநாள் காலை பஸ்ஸில் போனார். பெட்டியை நானே மேலே ஏற்றிக் கட்டினேன். படியில் காலை வைத்ததும் சீலை என் கையில் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "மீதியைப் படிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் கதை பிடிக்காதே டீச்சர்."

புத்தகம் என் கக்கத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அன்றைக்குக் காலையில் மரத்தடியில் யாரும் எதையும் வாசிக்கவில்லை. சுப்பையா ஒரு தடவை கூப்பிட்டான், ஒரு தடவை ஹாரன் அடித்தான், சரியான நேரத்துக்குப் பஸ் கிளம்பியது. எனக்கு அதில் போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்து மணி அடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் நான் அதன் பின்னாலேயே கண்மாய்க்கரை வரை ஓடினேன். பஸ் நிற்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு குடை வெளியே நீண்டு படாரென்று விரிந்தது.